கிராமத்து உடல்பருமன்: தராசில் தெரியாத பாதி

2019 மே மாதம் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வெளியான ஓர் ஆய்வு, பொதுச் சுகாதாரத் துறையில் பலரும் கேள்வி கேட்காமல் நம்பிவந்த ஒன்றைக் கலைத்துப் போட்டது. நகரங்கள் பெருகுகின்றன, அதனால் மனிதர்கள் பருக்கிறார்கள் என்பதுதான் அதுவரை சொல்லப்பட்ட பாடம். 1985 முதல் 2017 வரை, 200 நாடுகளில், 11 கோடிக்கும் அதிகமான பெரியவர்களின் உயரத்தையும் எடையையும் தொகுத்துப் பார்த்தபோது கணக்கு வேறு மாதிரி வந்தது. உயரத்தோடு எடையை ஒப்பிட்டுக் காட்டும் எண்ணான உடல் நிறைக் குறியீட்டின் உலகச் சராசரி அந்தக் காலத்தில் உயர்ந்ததில் 55 சதவீதத்துக்கும் மேற்பட்ட பங்கு கிராமங்களுடையது. நகரத்தவர் பருத்தார்கள், கிராமத்தவர் அதைவிட வேகமாகப் பருத்தார்கள்.

இந்தியாவைப் பொறுத்தவரை இது பாதிச் செய்திதான். மீதிப் பாதி தராசில் ஏறாது. இங்கே கிராமத்தில் எடை கூடியவர்களைத் தேடிப் போகும் ஆய்வாளர், நோய் கூடியவர்களில் பெரும்பகுதியைத் தவறவிட்டுவிடுவார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ‘இண்டியாப்’ ஆய்வு இதற்குச் சரியான சான்று. 2008இல் தொடங்கி 2020 வரை மாநிலம் மாநிலமாகப் போய், 1,13,043 பேரை அளந்து முடித்தார்கள். அதில் 79,506 பேர் கிராமவாசிகள். 2023இல் வந்த அதன் தேசிய முடிவுகளின்படி 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, 15.3 சதவீதம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். மொத்த உடல்பருமன் 28.6 சதவீதம் என்றால், வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம். அதாவது எடையைப் பார்த்தால் பருமன் இல்லை, இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டால் பருமன் என்ற நிலையில் ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நீரிழிவு, ரத்த அழுத்தம், பருமன், கொழுப்புக் கோளாறு எல்லாமே நகரத்தில்தான் அதிகம். நீரிழிவுக்கு முந்தைய நிலை மட்டும் அப்படி இல்லை. கிராமம் பின்தங்கியிருக்கிறது என்று ஆறுதல் கொள்வதற்கு இடமில்லை. வரிசையில் நிற்கிறது, அவ்வளவுதான்.

அதே தரவை இன்னொரு கோணத்தில் பிரித்து 2025இல் வெளியிட்டார்கள். எடையையும், ரத்தத்தில் தெரியும் வளர்சிதை மாற்றக் கோளாறுகளையும் குறுக்கே வைத்து மக்களை நான்கு கூட்டமாக்கினார்கள். பருமனும் கோளாறும் இல்லாதவர்கள் 26.6 சதவீதம். இரண்டும் இருப்பவர்கள் 28.3 சதவீதம். பருமனாக இருந்தும் கோளாறு இல்லாதவர்கள் வெறும் 1.8 சதவீதம். எல்லாவற்றையும்விடப் பெரிய கூட்டம், 43.3 சதவீதம், பருமனே இல்லாமல் கோளாறு மட்டும் உள்ளவர்கள். இந்த நாட்டில் பருமனைப் பற்றிய எந்த விவாதமும் இந்த எண்ணிலிருந்து தொடங்குவதுதான் நியாயம் என்பது என் எண்ணம். நடைமுறையில் அது பெரும்பாலும் எடையில் தொடங்கி எடையிலேயே முடிந்துவிடுகிறது.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் உடல் நிறைக் குறியீடு மலிவானது, எளிது, யாரும் கணக்கிடலாம். ஆனால் அதற்குத் தசைக்கும் கொழுப்புக்கும் வேறுபாடு தெரியாது. புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்களையே எடுத்துக்காட்டாக நிறுத்தினார்கள். இருவருக்கும் குறியீடு ஒன்றே: 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எண், இரண்டு வேறு உடல்கள். இதையெல்லாம் கணக்கில் கொண்டுதான் 2009இல் இந்திய வல்லுநர்கள் தங்களுக்கென்று எல்லைகளை வகுத்தார்கள்: குறியீடு 23ஐத் தொட்டால் மிகை எடை, 25ஐத் தொட்டால் பருமன், இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. உலக அளவில் வழங்கும் 25, 30 என்ற எல்லைகளை இங்கே அப்படியே பயன்படுத்தும் ஆய்வுகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இரண்டு ஆய்வுகளின் சதவீதங்களை ஒப்பிடும் முன் எந்த எல்லை என்று பார்க்காதவர்கள், ஒரே மாவட்டம் இரண்டு ஆண்டில் இளைத்துவிட்டதாகக்கூட எழுதிவிட முடியும்.

இந்த மெலிந்த, கொழுத்த உடல் எங்கிருந்து வந்தது? யாக்னிக்கின் குழு விடையைத் தேடிக் கருவறைக்கே போனது. 1993இல் புனே அருகே ஆறு கிராமங்களில் இளம்பெண்களைச் சேர்த்து, அவர்கள் கருவுற்றபோது என்ன உண்டார்கள், எவ்வளவு உழைத்தார்கள் என்று பதிந்து, பிறந்த குழந்தைகளை அளந்தார்கள். சராசரி எடை 2.7 கிலோ. ஒப்பிட எடுத்த இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. எடையிலும் தசையிலும் வயிற்று உறுப்புகளிலும் புனே குழந்தை சிறியது. ஆனால் முதுகில் தோலை மடித்து அளந்தபோது, கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பட்டினிக்குப் பழகிய உடல் எதை விட்டுக்கொடுக்க வேண்டும், எதைக் காப்பாற்ற வேண்டும் என்று பிறக்கும் முன்பே தீர்மானித்துவிட்டது போலத் தோன்றுகிறது. பின்னாளில் சோறு தாராளமாகக் கிடைக்கும்போது அந்த முடிவே வினையாகிறது.

கருவிலும் குழந்தைப் பருவத்திலும் ஊட்டம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐதராபாத் அருகே ஒரு விடை உண்டு. 1987 முதல் 1990 வரை 29 கிராமங்களில் பாதியளவு ஊர்களில் மட்டும் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கூடுதல் உணவு வழங்கப்பட்டது. பதின்பருவத்தில் அந்தப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து அளந்தபோது, உணவு கிடைத்த ஊர்ப் பிள்ளைகள் சற்று உயரமாக இருந்தார்கள். அவர்கள் உடலில் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. பருமனுக்கு எதிரான நடவடிக்கை என்று யாரும் சத்துணவைச் சொல்வதில்லை. சொல்லலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒல்லியாக இருந்து சர்க்கரை உள்ள எல்லோரும் உள்ளே கொழுப்பை ஒளித்து வைத்திருப்பவர்கள் அல்லர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியினரும் 2022இல் வெளியிட்ட ஆய்வு, எடை மிகக் குறைந்த நீரிழிவு நோயாளிகளிடம் சிக்கல் வேறு என்று காட்டியது: அவர்களுக்கு இன்சுலின் சுரப்பே குறைவு, வயிற்றுக் கொழுப்பும் குறைவு. ஊட்டக்குறைவால் வரும் நீரிழிவை உலகச் சுகாதார நிறுவனம் 1985இல் ஒரு தனி வகையாக ஏற்று, 1999இல் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு அதை ‘ஐந்தாம் வகை’ என்று மீண்டும் ஏற்றிருக்கிறது. ஒரே தெருவில் இரண்டு ஒல்லியான மனிதர்கள், இருவருக்கும் சர்க்கரை, இருவருக்கும் வேறு காரணம், வேறு மருந்து. கிராமத்தில் ஆய்வு செய்வோர் இந்த இருவரையும் பிரித்தறியும் வகையில் திட்டமிட வேண்டியிருக்கிறது.

திட்டமிடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். ஊருக்குள் இறங்கியபின் நடப்பதுதான் ஆய்வின் தரத்தைத் தீர்மானிக்கிறது. அறிக்கைகளில் அரைப் பக்கத்தில் முடிந்துபோகும் பகுதி அது.

வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்றால் எட்டு மணி நேரமாவது எதுவும் உண்ணாமல் இருக்க வேண்டும். விடியற்காலையில் எழுந்து பால் கறந்து, பால் போட்ட டீயைக் குடித்துவிட்டு, ‘இன்னும் எதுவும் சாப்பிடவில்லை’ என்று முழு நேர்மையோடு சொல்பவர்கள் ஊரில் நிறைய. அவர்கள் கணக்கில் டீ சாப்பாடு ஆகாது. சர்க்கரைமானிக்கு ஆகும். ஏழு மணிக்கு முன்னால் ஊரில் இருக்கும் குழு ஒருவிதமான மக்களைச் சந்திக்கும். பத்து மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கும் குழு வேறு மக்களைச் சந்திக்கும். களை வெட்டப் போனவர்களும், நூறு நாள் வேலைக்குப் போனவர்களும், கட்டட வேலைக்குப் பக்கத்து நகரத்துக்கு பஸ் ஏறியவர்களும் போக, வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்களும் உடம்பு முடியாதவர்களும்தான். கிடைத்தவர்களையெல்லாம் அளந்தால் ஊரே நோயாளியாகத் தெரியும். இதைத் தவிர்க்கத்தான் இண்டியாப் போன்ற ஆய்வுகளில் வீட்டுக்கு ஒருவரை முன்கூட்டிய விதிப்படி தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்வானவர் வீட்டில் இல்லை என்றால் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டுமே தவிர, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மாமனாரை அளந்துவிட்டு வரக்கூடாது.

இடுப்பளவு இன்னொரு சோதனை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும் என்பது விதி. சேலைக் கொசுவத்துக்கும் உள்பாவாடை நாடாவுக்கும் மேல் டேப்பைச் சுற்றினால் சில சென்டிமீட்டர் கூடிவிடும். எல்லை 80 என்று இருக்கும்போது அந்தச் சில சென்டிமீட்டர் ஒருவரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். சரியான இடத்தில் அளக்க வேண்டுமானால் அளப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும், மறைவான இடம் வேண்டும், மாமியார் எட்டிப்பார்க்காமலிருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் நிதி ஒதுக்காத ஆய்வுகள் எடையோடு நின்றுவிடுகின்றன. ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில்தான், அதாவது 2019–21இல்தான், அந்த நெடுந்தொடரில் முதன்முதலாக இடுப்பளவும் பிட்டத்தின் சுற்றளவும் அளக்கப்பட்டன.

வெறும் வயிறு தொல்லையே வேண்டாம் என்று மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனைக்குப் போனால் அங்கேயும் ஒரு பள்ளம். இரும்புச்சத்துக் குறைபாடு அந்த எண்ணைப் போலியாக உயர்த்தக்கூடும். ரத்தச் சிவப்பணுக்கள் விரைவில் அழியும் நோய்கள் அதைத் தாழ்த்தும். அதே குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகையைச் சேர்த்து அளக்காமல் கிராமத்துப் பெண்களின் எச்பிஏ1சியை மட்டும் வைத்து எழுதப்படும் முடிவுகளைச் சற்றுத் தள்ளி வைத்தே படிக்க வேண்டும்.

உணவைக் கேட்டறிவது இவை எல்லாவற்றையும்விடக் கடினம். எல்லோருக்கும் ஒரே பானைச் சோறு. சமைத்தவள் கடைசியில் உண்கிறாள். மிச்சமிருந்தால் நிறைய, இல்லாவிட்டால் குழம்பை வழித்து ஒரு பிடி. அவளிடம் ‘நேற்று எத்தனை கிராம் சோறு?’ என்று கேட்பதில் பொருளில்லை. அதனால்தான் நல்ல ஆய்வுகள் கரண்டி, கிண்ணம், படங்களைக் கையோடு கொண்டு போகின்றன. வீட்டுக்கு மாதத்தில் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்கினார்கள் என்று பின்வழியாகக் கணக்குப் போடுகின்றன. உழைப்பைக் கேட்பதிலும் இதே சிக்கல். நடவு மாதத்தில் கேட்டால் ஊரே கடும் உழைப்பாளி, கோடையில் கேட்டால் ஊரே மரத்தடியில். தண்ணீர் சுமந்து, மாட்டுக்குப் புல் அறுத்து, வீடு மெழுகும் பெண் ‘சும்மாதான் இருக்கிறேன்’ என்று பதில் சொல்வாள். கேள்வித்தாளும் அதை அப்படியே குறித்துக்கொள்ளும்.

இவ்வளவு எச்சரிக்கையோடும் கேட்டபோது கிடைத்த விடை அதிர்ச்சியாகத்தான் இருந்தது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகியவற்றில் இண்டியாப் குழு கேட்டறிந்து 2014இல் வெளியிட்ட முடிவின்படி, கிராமத்தவரிலேயே பாதிப்பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். பாடநூல் கிராமவாசி மண்வெட்டியோடு நிற்கிறார். உண்மைக் கிராமவாசியின் வயலில் டிராக்டர் உழுகிறது, அறுவடை எந்திரம் ஒரே மணியில் ஏக்கரை முடிக்கிறது, கிணற்றில் மோட்டார் இறைக்கிறது. கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதால் எந்திரம் வந்ததா, எந்திரம் வந்ததால் ஆள் வெளியேறினாரா என்பது பொருளாதார வல்லுநர்களின் வழக்கு. உடலுக்கு இரண்டும் ஒன்றுதான். அம்மியும் ஆட்டுக்கல்லும் வீட்டை விட்டுப் போனதற்காகப் பெண்கள் வருந்த வேண்டும் என்று எழுதும் ஆண்களை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். ஆனால் அந்த உழைப்பு போனது போனதுதான், அதன் இடத்தில் வேறு எதுவும் வரவில்லை.

தட்டிலும் மாற்றம் நடந்திருக்கிறது. 2022–23 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, கிராமத்துக் குடும்பம் தானியங்களுக்குச் செலவிடுவது மொத்தத்தில் ஏறத்தாழ 5 சதவீதம்தான். பானங்களுக்கும் தின்பண்டங்களுக்கும் பதப்படுத்திய உணவுக்கும் ஏறத்தாழ 10 சதவீதம். 1999–2000இல் தானியத்தின் பங்கு 22 சதவீதமாக இருந்தது. பணக்கணக்கில் தானியம் சுருங்கியதற்கு ரேஷனும் ஒரு காரணம். தட்டில் அது சுருங்கவில்லை. இண்டியாப் உணவு ஆய்வு 2025இல் சொன்னபடி இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. தெற்கில் அது பெரும்பாலும் தீட்டிய வெள்ளை அரிசி.

உடனே ரேஷன் அரிசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது ஒரு வழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் விலையின்றி வழங்கப்படும் அந்த அரிசி, பசியை ஊரைவிட்டு விரட்டியது. பசியில் பிறந்த குழந்தைகள்தான் பின்னாளில் சர்க்கரை நோயாளிகள் என்று மேலே பார்த்தோம். அரிசி மலிவாகக் கிடைப்பது குற்றமில்லை. பருப்பும் முட்டையும் பாலும் காய்கறியும் அதே மலிவில் கிடைக்காததுதான் குறை. சிறுதானியத்துக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற உற்சாகத்துக்கும் அதே இண்டியாப் உணவு ஆய்வு தண்ணீர் தெளிக்கிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ உண்பதால் நீரிழிவு ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பயறு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்த கணக்கில்தான் ஆபத்து குறைந்தது. கம்பங்கூழின் மேல் எனக்குப் பகையில்லை. இரண்டு சொம்பு குடித்துவிட்டு அதை மருந்து என்று நம்புவதில்தான் தயக்கம்.

இன்னும் ஒரு குழப்பம் பாக்கியிருக்கிறது. கிராமம் என்று எதைச் சொல்கிறோம்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நகராட்சி, பேரூராட்சி போன்ற நகர அமைப்பு இல்லாத ஓர் ஊர் நகரம் ஆவதற்கு 5,000 மக்கள் வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி வேண்டும், ஆண் உழைப்பாளர்களில் 75 சதவீதம் பேர் விவசாயத்துக்கு வெளியே இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் கிராமம். தொழிற்சாலை வேன் காலையில் வாசலுக்கு வரும் ஊரும், மழைக்காலத்தில் வண்டியே போகாத மலைக் குடியிருப்பும் ஒரே பெட்டியில் விழுகின்றன. முன்னே சொன்ன ஐதராபாத் கிராமங்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வாளர்கள், செயற்கைக்கோளில் பதிவாகும் இரவு வெளிச்சத்தை வைத்து ஒவ்வோர் ஊரும் எவ்வளவு நகரமாகிவிட்டது என்று அளந்தார்கள். கிராமம், நகரம் என்ற இரட்டைப் பெட்டியைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரே ஊருக்கு மீண்டும் போவதில் இருக்கும் பயன் வேறு எதிலும் இல்லை. சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரனின் குழு 1989இல் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் நீரிழிவு ஏறத்தாழ 2 சதவீதம் என்று கண்டது. 2003இல் மறுபடி அளந்தபோது 6 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் 1991–94இல் எடுத்த கணக்கை 2010–12இல் அதே பகுதியில் திரும்ப எடுத்தார்கள். ஒரு தலைமுறைக்குள் எடையும் சர்க்கரையும் எப்படி ஏறின என்பது அந்த இரண்டு வருகைகளுக்கு இடையில்தான் தெரிகிறது. ஒரே ஒரு முறை போய் எடுத்த சதவீதத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அளந்த பிறகு என்ன என்ற கேள்வியை ஊர்க்காரர்கள் எப்போதும் கேட்கிறார்கள், ஆய்வறிக்கைகள் எப்போதாவது கேட்கின்றன. விரலைக் குத்தி, ‘உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு வண்டியேறும் குழுவை அந்த ஊர் அடுத்த முறை உள்ளே விடாது. விடக்கூடாது என்றும் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் 2020இல் நடந்த மாநில அளவிலான கணக்கெடுப்பு, ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் நீரிழிவு உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருப்பதாகக் காட்டியது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோவதற்கு இந்த எண்களைவிட வலுவான காரணம் தேவையில்லை.

அதற்கும் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் சூணாம்பேட்டில், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தினர் அளப்பதையும் சிகிச்சையையும் ஒரே வேலையாகச் செய்து பார்த்தார்கள். இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்போடு ஒரு வேன் 42 கிராமங்களுக்குப் போனது. கண், கால், ரத்தம் எல்லாம் ஊரிலேயே பார்க்கப்பட்டன, முடிவுகளைச் சென்னையிலிருந்த மருத்துவர்கள் பார்த்தார்கள், சூணாம்பேட்டிலேயே ஒரு நீரிழிவு மருத்துவமனையும் எழுந்தது. ஓராண்டில் நோயாளிகளின் சராசரி எச்பிஏ1சி 9.3லிருந்து 8.5ஆக இறங்கியது. மேல்சிகிச்சைக்கென்று சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு.